ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசேகரப்பட்டினத்தில் எதற்கு இன்னொரு ஏவுதளம்?

முக்கியக் காரணம் இலங்கை. துருவ சுற்றுப்பாதைக்கு, அதாவது பூமியின் வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால், கழன்று விழும் பாகங்கள் இலங்கை ஊர்கள்மேல் விழலாம். அதனால் ராக்கெட் முதலில் தென்கிழக்கே கிளம்பி, இலங்கையை ஒதுக்கிவிட்டு, வானிலேயே தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி. அதைத் தாங்கிக்கொள்ளும். ஏறக்குறைய 500 கிலோ மட்டுமே சுமக்கும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு அது பெரிய இழப்பு. ஏற்றக்கூடிய எடையே குறைந்துவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல். வளையாமல் நேராகவே போகலாம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அப்புறம், இஸ்ரோ இன்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.