ராட்டினத்துக்கு இடம் விடும் முன் விழாக்குழு பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு இந்த ஆண்டு ராட்டினம் போட முடிவாகியிருக்கிறது. ஜெயண்ட் வீல், ஊசல் போல ஆடும் கப்பலான கொலம்பஸ், சுழலும் ராட்டினமான டோரா டோரா மூன்றும் கொண்டுவருவதாகச் சொல்லும் உரிமையாளர் ஒரு சான்றிதழும் காட்டுகிறார். குழுவில் இன்ஜினியர் யாரும் இல்லை. ஊரில் ஒரு தரப்பு ‘ஆபத்து, வேண்டவே வேண்டாம்’ என்கிறது. அந்தச் சான்றிதழை நம்பி இடம் விடலாமா? நாங்களாகப் பார்க்கக்கூடியது என்ன?

பதில்: போடுங்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘வேண்டாம்’ என்பது சுலபமான முடிவு. சென்னைக்காரர்களுக்குத் தீவுத்திடல் பொருட்காட்சி இருக்கிறது. கையில் காசு இருப்பவர்கள் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குப் போய்வருவார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் திருவிழா ராட்டினத்தை விட்டால் வேறு பூங்கா கிடையாது. கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வருவதும், தாய்மாமன் ராட்டினத்துக்குக் காசு கொடுப்பதும் அந்தச் சில நாட்களில்தான். அதைக் காப்பாற்றத்தான் கவனமாக இருக்கச் சொல்கிறேன்.

சான்றிதழை மட்டும் நம்பி இடம் விடாதீர்கள். அதில் இருக்கும் தேதியையும் ஊர்ப் பெயரையும் பாருங்கள். பெரும்பாலும் இதற்கு முன் ராட்டினம் நின்ற ஊரின் பெயர்தான் இருக்கும். அங்கே பூட்டி நின்ற நிலைக்குக் கொடுத்த சான்று அது. அதற்குப் பிறகு அதைக் கழற்றி, லாரியில் ஏற்றி, இறக்கி, வேறு மண்ணில் மறுபடி பூட்டுகிறார்கள். பூங்காவில் நிரந்தரமாக நிற்கும் ராட்டினத்துக்கும் ஊர் ஊராகப் போகும் ராட்டினத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பாகங்களைக் கோக்கும் இரும்புப் பின் தேய்கிறது, அந்தப் பின் நுழையும் துளை வட்டம் கலைந்து நீள்கிறது. ஆகவே உங்கள் மைதானத்தில் பூட்டி முடித்த பிறகு ஒரு பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட சான்றுதான் செல்லும். காவல் துறை, தீயணைப்புத் துறை, மின் ஆய்வாளர் அனுமதிகளும் வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் நடைமுறை கொஞ்சம் மாறும் என்பதால் ஒரு மாதம் முன்பே தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இரும்பைப் பார்ப்பதற்கு முன்பு, இடத்தை விடும் உங்கள் ஏலத்தைப் பாருங்கள். என் அனுபவத்தில் ஆபத்து ஆரம்பிக்கும் இடம் அதுதான், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ராட்டின இடத்தை 5 லட்சத்துக்கு விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 ரூபாய் டிக்கெட்டில் 8,300 பேருக்கு மேல் ஏறினால்தான் இட வாடகையே தேறும். லாரி, டீசல், ஆள் கூலி எல்லாம் அதற்கு மேல். அப்போது ராட்டின உரிமையாளர் என்ன செய்வார்? நான்கு பேர் உட்காரும் தொட்டியில் ஆறு பேரை ஏற்றுவார். தூறலிலும் நிறுத்த மாட்டார். காலையில் பார்க்க வேண்டிய பின்னை மறுநாளைக்குத் தள்ளுவார். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கே என்று விடாதீர்கள். தொட்டிக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்கு மூட வேண்டும், காற்றடித்தால் நிறுத்துவது, பொதுமக்களுக்கான காப்பீடு ஆகியவற்றை எழுதி, இவற்றை ஒத்துக்கொள்பவர்களுக்குள் மட்டும் ஏலம் நடத்துங்கள். கோயில் வரும்படி குறையும்தான். குறையட்டும்.

இனி மைதானம். குளத்தை மூடிய இடமோ, சமீபத்தில் மண் அடித்த இடமோ ஆகாது. அடியில் மரக்கட்டை கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். அந்தக் கட்டைகள் தரையில் முழுதாகப் படிய வேண்டும். கல், செங்கல் துண்டு செருகியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஊர்க் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி அடிச்சட்டத்தில் வைத்துப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் மறுபடி வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் இறங்கியிருந்தால் தெரிந்துவிடும். மின்கம்பி அருகே போகிறதென்றால், ராட்டினம் அந்தப் பக்கம் சாய்ந்தால்கூட எட்டாத தூரம் வேண்டும்.

பிறகு பின்கள். தொட்டி தொங்கும் ஒவ்வொரு பின்னின் முனையிலும் அது நழுவாமல் தடுக்கும் கிளிப் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியோ ஆணியோ வளைத்துச் செருகியிருந்தால் அந்த ராட்டினம் ஓடக்கூடாது, பேச்சுக்கே இடமில்லை. வெல்டிங் போட்ட இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டின் மேல் தலைமுடி கனத்தில் ஒரு துருக்கோடு ஓடினால் அடியில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். மொத்த ராட்டினமும் பழையதாக இருக்க, ஓர் இணைப்பில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல் போல ஆடும் ராட்டினத்தின் தண்டு முறிந்து 2 பேர் இறந்தார்கள். லட்சக்கணக்கான பேர் வந்துபோகும் மாநகரப் பூங்கா அது.

கொலம்பஸில் மடியின் மேல் விழும் கம்பியைப் பூட்டிய பிறகு இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு இருக்கையிலும். திறப்பு நாளுக்கு முன் ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை எல்லா இருக்கையிலும் வைத்து அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். சத்தத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று கேட்டால் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஆடி மாதம் என்பதால் காற்றை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு கருவிக்கும் தயாரித்தவர்கள் ஒரு காற்று வரம்பு வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். காலித் தொட்டிகள் காற்றில் தாமாக ஆட ஆரம்பித்தாலே ஆட்களை இறக்கிவிடச் சொல்வேன்.

கரண்ட் போனால் மேலே இருப்பவர்களை எப்படி இறக்குவீர்கள் என்று உரிமையாளரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். 2025 மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்கா ராட்டினம் உயரத்தில் நின்றுபோனபோது தீயணைப்புத் துறையின் பெரிய ஏணி வண்டி வந்து இறக்கியது. உங்கள் ஊருக்கு அந்த வண்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை இப்போதே கணக்குப் போடுங்கள். சீரியல் விளக்குகள், ஜெனரேட்டர், இரும்புச் சட்டம் எல்லாவற்றுக்கும் எர்த்திங் வேண்டும். ஈரத்தில் ஷாக் அடித்தவுடன் கரண்டை வெட்டும் டிரிப்பர் வேண்டும். இதை ஊர் வயர்மேனிடம் விடாமல் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள்.

பெண் பிள்ளைகள் பின்னலை முடிந்து, துப்பட்டாவை இடுப்பில் செருகிய பிறகே ஏற்ற வேண்டும். சுழலும் தண்டில் முடி சிக்கினால் நொடியில் கொடூரமாகிவிடும். மைக் செட்டில் ஒரு மணிக்கு ஒரு முறை இதை அறிவியுங்கள்.

ராட்டினத்தை ஓட்டுபவர் பெரும்பாலும் எங்கோ தூரத்து மாநிலத்திலிருந்து வந்த இளைஞராக இருப்பார். காலையில் பூட்டி, நள்ளிரவு வரை ஓட்டி, அதன் அடியிலேயே தார்ப்பாய் விரித்துத் தூங்குவார். ஒரு கருவிக்கு இரண்டு ஓட்டுநர்கள், முறை மாற்றி, என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். அவர்களுக்கு மூன்று வேளை சாப்பாட்டை அன்னதானக் கூடத்திலிருந்தே அனுப்புங்கள். குழுவில் ஒருவர் தினமும் மாலை நான்கு மணிக்கு அவர்களோடு நின்று பின்களை எண்ணி நோட்டில் எழுதட்டும். எண்ணிக்கை ஒத்துவந்த பிறகு டிக்கெட் கொடுக்க ஆரம்பிக்கலாம்.