தடை போட்டும் ரம்மி லிங்க் வருதே?

கேள்வி: அண்ணே, என் தம்பி காசிமேட்டுல ஐஸ் பார் ஏத்துற வேலை பாக்குறான். ராத்திரி போர்வைக்குள்ள போனை வச்சிக்கினு ரம்மி ஆடி 38,000 ரூபா விட்டுட்டான், அம்மாவோட சீட்டுப் பணம். தடைன்னாங்களே, இன்னும் டெலிகிராம்ல லிங்க் வருதே எப்படி?
- வாசகி, ராயபுரம்

பதில்: படிச்சதும் வயிறு எரிஞ்சுது தங்கச்சி. நம்ம சட்டசபை 2022லயே ஆன்லைன் சூதாட்டத்துக்கு தடைன்னு சட்டம் போட்டுச்சு, கவர்னர் திருப்பி அனுப்ப 2023 மார்ச்ல மறுபடி நிறைவேத்தி ஏப்ரல்ல ஒப்புதல் வாங்குனாங்க, ஆனா அந்த நவம்பர்லயே ஐகோர்ட்டு ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்ல, திறமை ஆட்டம்னு அதுங்களுக்கான தடையை மட்டும் ரத்து பண்ணிடுச்சு. 2025ல ராத்திரி 12லேர்ந்து காலைல 5 வரைக்கும் காசு கட்டி ஆடக்கூடாதுன்னு இங்க விதி வந்துச்சு, தம்பி போர்வைக்குள்ள ஆடுற நேரமே அதான் பாரு. அதே வருஷம் ஆகஸ்ட்ல பார்லிமென்ட்டு காசு வச்சி ஆடுற ஆன்லைன் ஆட்டம் மொத்தத்துக்கும் தடை கொண்டாந்துச்சு. அதனால இப்ப வர்ற லிங்க்கு திருட்டு லிங்க்குதான், ஒண்ண முடக்குனா வேற பேர்ல இன்னொண்ண திறந்துடுறானுங்க. தம்பியை திட்டாத, அந்த சட்டத்துல ஆடுறவனுக்கு தண்டனை இல்ல, நடத்துறவனுக்கும் விளம்பரம் பண்றவனுக்கும் அதுக்கு பணம் மாத்தி விடுறவனுக்கும்தான். பணம் போன மெசேஜ், அந்த லிங்க்கு எதையும் அழிக்காம வச்சி இன்னைக்கே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடு.