எங்க்ஹாய்சன்: மூன்று ஹெர்ரிங் மீன்களின் ஊர் – கேள்வி பதில்

ஆம்ஸ்டர்டாமுக்கு வடகிழக்கே, ரயில் பாதை முடிகிற கரையில் இருக்கிற டச்சுத் துறைமுக ஊர் எங்க்ஹாய்சன். பக்கத்து ஊரில் பல வருடம் குடியிருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பேன். நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் எங்களுக்கு ஒரு நாள்தான் மிச்சம், அக்கா. அங்கே போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஒரு மணி நேர ரயில் பயணம்தான். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே படகுத்துறை. கொஞ்சம் நடந்தால் ட்ரோமெடாரிஸ் கோபுரம். துறைமுக வாயிலைக் காக்க 1540-இல் கட்டியது. பிறகு சிறையாகவும் இருந்திருக்கிறது. மேலே இருக்கிற மணிகள் 17-ஆம் நூற்றாண்டில் பேர்பெற்ற ஹெமோனி குடும்பத்தார் வார்த்தவை. அவை ஒலிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

இத்தனை சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய தேவாலயங்கள் எதற்கு?

அப்போது அது சின்ன ஊர் இல்லை. ஊர்ச் சின்னத்தில் மூன்று ஹெர்ரிங் மீன்கள் இருக்கின்றன. முதல் பணம் அதில் வந்ததுதான். 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்தபோது அதன் ஆறு கிளைகளில் ஒன்று இங்கே அமைந்தது. கம்பெனியின் மொத்த மூலதனம் ஏறக்குறைய 64 லட்சம் கில்டர் (அந்தக் கால டச்சு நாணயம்). அதில் எங்க்ஹாய்சன் போட்டது 5,40,000. ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க் இரண்டுக்கும் அடுத்த இடம். ரோட்டர்டாம் போட்டதைப் போல மூன்று மடங்கு!

அந்தக் காலத்தைக் கண்ணால் பார்க்க 'பேப்பர்ஹாய்ஸ்' போங்கள். மிளகு வீடு என்று பொருள். 1625-இல் கட்டிய வீடு. பின்னாளில் கம்பெனியின் கிடங்கானது. முகப்பில் ஹெர்ரிங் பிடிக்கும் கப்பல் ஒன்றைச் செதுக்கி, கூடவே ஒரு பழமொழியையும் பொறித்திருக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால், "செலவு முன்னே, வரவு பின்னே". கப்பல் கட்டிச் சரக்கேற்றி அனுப்பிவிட்டு, அது திரும்புமா என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்களின் வாக்கு அது.

கோவாவில் இருந்த ஒருவர் இந்த ஊர்க்காரராமே?

யான் ஹாய்கன் வான் லின்ஸ்கோட்டன். பிறந்தது ஹார்லெம், வளர்ந்தது எங்க்ஹாய்சன். 1583 முதல் ஐந்து வருடத்துக்கு மேல் கோவாவில் போர்ச்சுகீசியப் பேராயரிடம் எழுத்தராக இருந்தார். போர்ச்சுகீசியர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடல்வழிக் குறிப்புகளை ஊர் திரும்பியதும் அச்சில் போட்டுவிட்டார். 1595-இல் ஆசியாவுக்குப் புறப்பட்ட முதல் டச்சுக் கப்பல்கள் அவர் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போயின. நூலுக்குக் குறிப்புகள் சேர்த்துக் கொடுத்தவர் ஊர் மருத்துவர் பலுடானஸ். அவர் வீட்டில் இருந்த அபூர்வப் பொருள்களைப் பார்க்கவே அக்காலத்தில் வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

நான் பழவேற்காட்டுக்காரன். எங்கள் ஊர் டச்சுக் கல்லறைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, தம்பி. அதே கம்பெனிதான். உங்கள் ஊரில் 1613-இல் எழுந்த கெல்டிரியா கோட்டைதான் சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம். 1690-இல்தான் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. நம் கரையில் நெய்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். மிளகு வீட்டின் வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நம் நெசவாளர்கள் நினைவுதான் வரும். அவர்கள் பெயர் எந்த முகப்பிலும் இல்லை.

பழைய தெருக்கள் எப்படி அப்படியே இருக்கின்றன?

ஊர் நொடித்துப் போனதால். 17-ஆம் நூற்றாண்டில் சுமார் 20,000 பேர் இருந்த ஊர் இது. துறைமுகம் தூர்ந்தது, போர்களில் மீன்பிடிப்பு படுத்தது, வியாபாரம் ஆம்ஸ்டர்டாம் பக்கம் போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் மிஞ்சியது 5,000 பேர் அளவுக்குத்தான். காலி வீடுகளைச் செங்கலுக்கும் மரத்துக்குமாக இடித்து விற்றார்கள். தப்பியவற்றை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

'பூரன்ஹூக்', அதாவது உழவர் மூலை என்று ஒரு பகுதி உண்டு. பயணிகள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. நகர் மதிலுக்கு உள்ளேயே பண்ணை வீடுகள், வாசலில் வாய்க்கால். அந்த வாய்க்கால் வழியே படகில் மதிலைத் தாண்டி வயலுக்குப் போய்வருவார்களாம். எனக்கு ஊரிலேயே பிடித்த இடம் அதுதான்.

கடல் தண்ணீர் உப்புக் கரிக்கவே இல்லையே?

அது இப்போது ஏரி. 1916-இல் பெருவெள்ளம் வந்தது. பொறியாளர் கோர்னெலிஸ் லெலியின் திட்டப்படி 1932-இல் 32 கிலோமீட்டர் அணை போட்டு ஸாய்டர்ஸே என்ற உள்கடலை மூடினார்கள். உப்பு போனது, ஹெர்ரிங்கும் நெத்திலியும் போயின, மீனவர் பிழைப்பும் போனது. அவர்களுடைய வீடுகளையும் பட்டறைகளையும் பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுதான் 1983-இல் திறந்த திறந்தவெளி ஸாய்டர்ஸே அருங்காட்சியகம். குழந்தைகளோடு போனால் முழு நாள் வேண்டும். குளிர்காலத்தில் திறந்தவெளிப் பகுதி மூடியிருக்கும்.

இப்போது ஊருக்கு என்ன பிழைப்பு?

சுற்றுலா, படகு, முக்கியமாக விதை. காய்கறி விதையில் உலகம் முழுக்க வியாபாரம் செய்யும் என்சா சாடன் கம்பெனி இங்கே 1938-இல் தொடங்கியதுதான்.

ஒரே ஒரு தேவாலயம்தான் பார்க்க நேரம் என்றால்?

வெஸ்டர்கெர்க். அதற்குக் கோபுரம் கிடையாது. 1519-ஆம் வருடத்து மரக்கூண்டு ஒன்று பக்கத்தில் தனியாக நின்று மணியைத் தாங்குகிறது. உள்ளே 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய மரத் தடுப்பு இருக்கிறது. திறந்திருக்கும் நாளா என்று முன்னதாகப் பார்த்துக்கொண்டு போங்கள். பூட்டிய கதவோடு இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன்.