தபால் ஓட்டு: உறைக்குள் உறை (வாசகர் கேள்வி–பதில்)

என் மாமியாருக்கு 87 வயது. எழுந்து நடமாட முடியாது. வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்கள் என்றார்கள். போன தேர்தலில் ஒருவரும் வரவில்லையே?
– வாசகி, மேலூர்

மனு கொடுக்காமல் வரமாட்டார்கள் அம்மா. படிவம் 12டி நிரப்பி, அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) சேர்க்க வேண்டும். தேர்தல் தேதியை டெல்லியில் அறிவிக்கிற நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் நாள்தான் அறிவிக்கை நாள். படிவத்தை பி.எல்.ஓ.வே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

2021-இல் 80 வயதுக்காரர்களுக்கே இந்த வசதி இருந்தது. 2024-இல் 85 ஆக்கிவிட்டார்கள். உங்கள் மாமியாருக்கு அதனால் சிக்கல் இல்லை. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனம் என்று சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு வயது வரம்பே கிடையாது.

மனுவை ஏற்றுக்கொண்டால் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அதன்பிறகு மனம் மாறி, வாக்குப்பதிவன்று ஆட்டோ வைத்து பூத்துக்கு அழைத்துப்போனாலும் போட விடமாட்டார்கள். குழு வருகிற நாளில் அவர் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். மூன்றாவது முறை கிடையாது.

தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியை நான். எங்கள் ஓட்டுகளை வேண்டுமென்றே செல்லாததாக்குகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. உண்மையா?
– வாசகி, உசிலம்பட்டி

முதலில் உங்களுக்குத் தபால் ஓட்டு தேவையா என்று பாருங்கள். பணி உங்கள் சொந்தத் தொகுதிக்குள்ளேயே என்றால் படிவம் 12ஏ கொடுத்துப் பணிச் சான்றிதழ் வாங்கி, வேலை பார்க்கும் பூத்திலேயே மெஷினில் போட்டுவிடலாம். அதுதான் உத்தமம். ஆனால் மக்களவைத் தேர்தலில் உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனித் தொகுதி. திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர். மேலூரில் பணி போட்டால் மாவட்டம் ஒன்று, தொகுதி வேறு. அப்போது படிவம் 12 கொடுத்துத் தபால் ஓட்டுதான்.

ஓட்டு செல்லாமல் போவது பெரும்பாலும் உறையில்தான். ஓட்டுச் சீட்டில் குறியிட்டு, 13பி என்ற சின்ன உறையில் போட்டு ஒட்டுங்கள். 13ஏ என்ற உறுதிமொழியில் சீட்டின் வரிசை எண்ணை எழுதி, கையெழுத்திட்டு, அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்குங்கள். இரண்டையும் 13சி என்ற பெரிய உறையில் வையுங்கள். உறுதிமொழியைச் சின்ன உறைக்குள் திணித்து ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. எண்ணும் இடத்தில் பெரிய உறையைத் திறந்ததும் 13ஏ-வைத்தான் தேடுவார்கள். அது இல்லை, சான்றொப்பம் இல்லை, அல்லது அதிலுள்ள எண்ணும் 13பி உறையின் மேலுள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் சின்ன உறையைத் திறக்காமலே தள்ளுபடிதான். சீட்டில் பெயரோ கையெழுத்தோ போட்டாலும் போச்சு.

உங்கள் ஸ்டாஃப் ரூம் பேச்சுக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. 2016-இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்கள் கெஜட்டட் அதிகாரிகள் அல்ல என்று 203 தபால் ஓட்டுகளைத் தள்ளியிருந்தார்கள். வழக்காகி, 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. ஒரு பச்சை மைக் கையெழுத்துக்கு இவ்வளவு பாடு! இப்போது தேர்தல் பணியாளர்கள், தங்களுக்கென வைக்கிற தபால் ஓட்டு உதவி மையத்திலேயே சீட்டை வாங்கி, குறியிட்டு, அங்கேயே போட்டுவிட வேண்டும் என்பது 2023 முதல் விதி. சான்றொப்பமிட அதிகாரி அங்கேயே இருப்பார். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிறகு அனுப்புகிற பேச்சே இல்லை.

வீட்டில் வாங்கிப்போன ஓட்டை வழியில் மாற்ற மாட்டார்களா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

வருகிற குழுவில் அலுவலர் இருவர், வீடியோ எடுப்பவர், போலீஸ். எந்த நாள் எந்தத் தெரு என்ற பட்டியல் வேட்பாளர்களுக்கு முன்பே போகும். கூடவே ஆள் அனுப்பலாம். கட்சிகள் பூத் ஏஜென்ட் போடுவதில் காட்டுகிற அக்கறையை இதில் காட்டினால் பாதி சந்தேகம் தீரும். என் கவலை வழியைப் பற்றியல்ல, நடுவீட்டைப் பற்றித்தான். தாத்தா குறியிடும்போது மகனும் மருமகளும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் ரகசியம் ஏது? அலுவலரிடம் சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை நாளில் காலை 8 மணிக்குத் தபால் ஓட்டுதான் முதலில். ஒவ்வொரு மேஜையிலும் ஏஜென்ட் உட்காரலாம். வெற்றி வித்தியாசத்தைவிடத் தள்ளுபடியான தபால் ஓட்டு அதிகமாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் தள்ளியவை அத்தனையையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி பார்த்தாக வேண்டும். 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் இன்னொன்றும் சொன்னது: தபால் ஓட்டு எண்ணி முடியாமல் மெஷின் எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடக்கூடாது. நியாயமான மாற்றம்.

மகன் ராணுவத்தில், காஷ்மீரில். மகள் பெங்களூரில் ஐ.டி. வேலை. இருவரும் தபாலில் போடலாமா?
– வாசகர், திருமங்கலம்

மகன் போடலாம். சீட்டு மின்னணு வழியில் அவருக்குப் போகும். அச்செடுத்துக் குறியிட்டு, தபாலில் அனுப்புவார். எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள் வந்து சேராவிட்டால் கணக்கில் வராது. சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்கள். மகள் பஸ் ஏறித்தான் வர வேண்டும்.