இணைய வகுப்புக்கு ஒரு பாட்: ஆசிரியர்கள் கேட்டவையும் என் பதில்களும்

இணையத்தில் வகுப்பெடுக்கும் டியூஷன் ஆசிரியர்களுக்கு டெலிகிராம் பாட் (செய்தி அனுப்பினால் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம்) அமைத்துக் கொடுப்பது என் வேலை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படுகிற கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

சார், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், 40 பிள்ளைகள். "மிஸ், லிங்க் அனுப்புங்க", "இன்னிக்கு கிளாஸ் உண்டா" என்பதற்குப் பதில் போட்டே சாயங்காலம் போய்விடுகிறது. எனக்கு கோடிங் தெரியாது. பாட் சரிப்படுமா?

சரிப்படும், டீச்சர். ஆனால் பாட் பக்கம் போவதற்கு முன் ஒரு வாரம் பிள்ளைகள் கேட்பதையெல்லாம் அப்படியே எழுதி வையுங்கள். வகுப்பு லிங்க், நேரம், வீட்டுப்பாடம், போன வகுப்பின் வீடியோ, ஃபீஸ் கட்டும் விவரம் என்று ஐந்தாறுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த ஐந்துக்கும் ஐந்து பொத்தான் போதும். செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவையில்லை.

பதில்கள் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கட்டும், பாட் அதைப் பார்த்துச் சொல்லட்டும். வகுப்பு ரத்தானால் போனிலேயே ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், யாரையும் கூப்பிட வேண்டாம். டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்கில் இலவசமாகவே பாட் உருவாக்கலாம். ஷீட்டோடு இணைக்க கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டை இயக்க நிரல் எழுதும் வசதி) தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை உதவி கேளுங்கள். ஷீட் மட்டும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், அவருடைய கணக்கில் அல்ல.

குரூப்பில் பாட்டைச் சேர்த்துவிட்டேன். பிள்ளைகள் எழுதுவது எதுவும் அதற்குக் கேட்பதே இல்லை. பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பவும் மறுக்கிறது. பழுதா?

பழுதில்லை, இரண்டுமே டெலிகிராமின் விதி. குரூப்பில் சேரும் பாட், "/" குறி போட்டுத் தனக்கு எழுதிய கட்டளைகளையும் தன் செய்திக்கு வந்த பதில்களையும்தான் பார்க்கும். பாட்ஃபாதரில் தனியுரிமை அமைப்பை நீக்கினாலோ அட்மின் ஆக்கினாலோதான் எல்லாவற்றையும் படிக்கும். தேவையில்லாமல் அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பாட் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பாட் தானாக யாருக்கும் முதல் செய்தி அனுப்ப முடியாது. ஒவ்வொருவரும் ஒரு முறை ஸ்டார்ட் அழுத்தியாக வேண்டும். முதல் வகுப்பில் எல்லாரையும் அங்கேயே அழுத்த வைத்துவிடுங்கள்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பயிற்சி நடத்துகிறேன். வினாடி வினா போட்டால் யார் தப்பு செய்தார்கள் என்று தெரியவில்லை. கூற்று-காரணம் வகைக் கேள்விகள் இடத்துக்குள் அடங்கவும் மாட்டேன் என்கின்றன.

பெயரில்லா வாக்கெடுப்பாகப் போட்டிருப்பீர்கள். அதில் யார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது பாட்டுக்குத் தெரியாது. குரூப்பில் பெயர் தெரியும்படி மாற்றிப் போடலாம், சேனலில் முடியாது. கேள்விக்கு 300 எழுத்து, ஒவ்வொரு விடைக்கும் 100 எழுத்து என்று வரம்பு உண்டு. தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனி எழுத்தாகக் கணக்கில் சேரும் என்பதால் சீக்கிரம் நிரம்பிவிடும். நீளமான கேள்வியைப் படமாகவோ தனிச் செய்தியாகவோ மேலே போட்டுவிட்டு, வினாவில் அ, ஆ, இ, ஈ மட்டும் வையுங்கள். தேர்வின் விடைத்தாளில் இருப்பதுபோல "விடை தெரியவில்லை" என்பதை ஐந்தாவதாகச் சேருங்கள். குருட்டாம்போக்கில் அடித்தது எது, நிஜமாகவே தெரியாதது எது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

அண்ணா, பொத்தான்களைத் தமிழில் வைத்தால் சிலது மட்டும் பிழை காட்டுகிறது. ஆங்கிலத்தில் எல்லாம் ஓடுகிறது.

பொத்தானின் மேல் தெரிகிற பெயர் வேறு, அதற்குள் பாட்டுக்குப் போகிற தகவல் வேறு, தம்பி. உள்ளே போகும் தகவல் 64 பைட்டை (பைட் என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் அளவு) தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு உயிர்மெய்க் குறியீடுகள் உட்பட ஒவ்வொன்றுக்கும் மூன்று. "வீட்டுப்பாடம்" என்ற ஒரு சொல்லே 39 பைட். முன்னால் "10ஆம் வகுப்பு" என்று சேர்த்தால் 73 ஆகி வரம்பு உடைந்துவிடும். உள்ளே ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே அழகாகத் தமிழில் எழுதுங்கள். கட்டளைப் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். பக்கத்தில் வரும் விளக்கத்தைத் தமிழில் தரலாம்.

பாடச் சந்தேகத்துக்கும் பாட்டையே பதில் சொல்ல வைக்கலாமா? ராத்திரி 11 மணிக்கெல்லாம் கேட்கிறார்கள். தமிழ் இலக்கணம் எடுக்கிறேன்.

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 2016இல் பேராசிரியர் அசோக் கோயல் தன் இணைய வகுப்புக்கு ஜில் வாட்சன் என்ற பாட்டை வைத்தார். ஏறக்குறைய 300 மாணவர்கள், ஒரு பருவத்தில் 10,000 செய்திகள் வரை வரும் வகுப்பு அது. பதில் 97 சதவீதம் சரி என்று தனக்கே உறுதி இருந்தால்தான் ஜில் வாட்சன் பேசும். மற்ற கேள்விகளுக்கு மனிதர்கள் பதில் எழுதினார்கள்.

சாட்ஜிபிடி போன்ற இப்போதைய மொழி மாதிரிகளிடம் அந்தத் தயக்கம் குறைவு. தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லும். உங்கள் பாடத்தில் இது இன்னும் ஆபத்து. ஒரு குறளைக் கொடுத்து அசை பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். அது தமிழை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாக உடைத்துப் பார்க்கிறது. அதனால் நேர், நிரை குழம்பி, தப்பான வாய்பாட்டை நிதானமாக எழுதித் தரும். படிக்கிற பிள்ளைக்கு அது தப்பு என்று எப்படித் தெரியும்? அசை பிரிக்கத் திட்டமான விதிகள் இருக்கின்றன. குறில், நெடில், ஒற்று பார்த்துப் பிரிக்கும் சின்ன நிரல் எழுதி வைத்தால் அதை நம்பலாம்.

மற்ற சந்தேகங்களுக்கு உங்கள் குறிப்புகளையும் பாடநூலையும் மட்டும் கொடுத்து, அதில் இல்லாவிட்டால் "டீச்சரிடம் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லும்படி அமையுங்கள். அப்படியும் தப்பு வரும். எனவே பாட் சொன்ன பதில்கள் எல்லாம் ஒரு ஷீட்டில் சேரட்டும், காலையில் ஒரு பார்வை பாருங்கள். தப்பாக இருந்தால் திருத்தத்தை அந்தப் பிள்ளைக்கே அனுப்புங்கள்.

ராத்திரி 11 மணிக் கேள்விகளில் சில பாடத்தைப் பற்றியே இருக்காது. "எனக்குப் படிப்பே வராது போல" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்குப் பாட் ஆறுதல் சொல்ல வேண்டாம். உடனே உங்களுக்குத் தகவல் வர வேண்டும், நீங்கள்தான் பேச வேண்டும்.

கர்நாடக சங்கீத வகுப்பு, சனிக்கிழமை மாலை 7 மணி. சிங்கப்பூர், டொராண்டோ பிள்ளைகளுக்கு பாட் நேரத்தைத் தப்பாகச் சொல்கிறது, அதுவும் சில மாதங்களில் மட்டும்.

சிங்கப்பூருக்கு எப்போதும் இரவு 9:30தான், அங்கே குழப்பம் இருக்காது. டொராண்டோவில் கோடையில் காலை 9:30, குளிர்காலத்தில் 8:30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். "ஒன்பதரை மணி நேரம் கழி" என்று நிரலில் எழுதியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு ஊரின் நேர மண்டலப் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள், மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நான் ஒரு அம்மா. டியூஷன் பாட் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கடைசி ஐந்து பேரின் பெயரைக் குரூப்பில் போடுகிறது. என் பெண் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இது தேவையா?

தேவையே இல்லைம்மா. மதிப்பெண்ணைத் தனித்தனியாக அனுப்ப பாட்டுக்கு நன்றாகவே வரும். அந்த ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலையும் கேட்கிறது.

ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். பெயர், வகுப்பு, மதிப்பெண் இவ்வளவு போதும். ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் பாட்டில் எதற்கு?

பாட் செய்து கொடுத்தவர் டோக்கனைக் குரூப்பிலேயே போட்டுவிட்டார். அழித்துவிட்டோம். போதுமா?

போதாது. டோக்கன்தான் பாட்டை இயக்கும் ரகசியச் சாவி. அதைப் பார்த்த யாரும் உங்கள் பாட்டின் பெயரில் பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பலாம், பணம்கூடக் கேட்கலாம். இப்போதே பாட்ஃபாதரில் பழைய டோக்கனை ரத்து செய்து புதியதை வாங்கி நிரலில் மாற்றுங்கள். பாட்டின் பெயரும் லிங்கும் அப்படியே இருக்கும், பிள்ளைகள் மறுபடி சேர வேண்டியதில்லை.