கூடைப்பந்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த சென்டர் வீரர்களில் (கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் நெட்டையர்களில்) உங்களை அதிகம் கவர்ந்தவர் யார்?

ஆர்விதாஸ் சபோனிஸ். லித்துவேனியாக்காரர், 2.21 மீட்டர் உயரம். செர்பியாவின் நிகோலா யோகிச் சென்டர் இடத்தில் நின்றபடியே மொத்த ஆட்டத்தையும் நடத்துவதைப் பார்த்து இன்று எல்லோரும் வியக்கிறோம். 1980களிலேயே, சோவியத் யூனியனுக்குள் இருந்துகொண்டு அப்படி ஆடியவர் இவர்.

இவர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வரக் காரணம் என் உயரம். பள்ளியில் என் வகுப்பிலேயே நான்தான் நெட்டை. அதனால் அணியில் எனக்கு ஒரே வேலை: போர்டுக்குக் கீழே நில், பந்து வந்தால் போடு, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் எகிறி வரும் பந்து) எடுத்தால் உடனே, பந்தை முன்னே கொண்டுபோகும் கார்டு வீரன் கையில் கொடு. பந்தைத் தட்டிக்கொண்டு நாலடி நகர்ந்தாலே திட்டு விழும். அப்புறம் கல்லூரி விடுதியில் ஒரு சீனியரின் கணினியில் சபோனிஸின் பழைய காட்சிகளைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்பு, ஒற்றைக் கையால் ரீபவுண்டைப் பறித்து, அரை மைதானம் தாண்டி ஓடுகிறவன் கைக்குப் பந்தை அனுப்புகிறது. முதுகுக்குப் பின்னாலிருந்து பாஸ். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஷாட். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

1964இல் கௌனாஸ் நகரத்தில் பிறந்தவர். அந்த ஊர் அணியின் பெயர் ஜால்கிரிஸ். 1410இல் டியூட்டானிக் வீரர்களை லித்துவேனியர்களும் போலந்துக்காரர்களும் தோற்கடித்த போர்க்களத்தின் பெயர் அது. சோவியத் லீக்கில் அவர்களுக்கு எதிரே நின்றது ராணுவத்தின் அணியான சிஎஸ்கேஏ மாஸ்கோ. 1985, 86, 87 என்று தொடர்ந்து மூன்று முறை ஜால்கிரிஸ் பட்டம் வென்றது. தன் கொடியைக்கூட ஏற்ற முடியாத ஒரு சின்ன நாட்டுக்கு அந்த வெற்றிகள் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1986 உலகக் கோப்பை அரையிறுதி மாட்ரிட்டில் நடந்தது, எதிரணி யூகோஸ்லாவியா. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நிலையில் சோவியத் அணி 9 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. சபோனிஸ் ஒரு மூன்று புள்ளி போட்டார். அடுத்து திகோனென்கோ ஒன்று. அந்த நெருக்கடியில் யூகோஸ்லாவியாவின் இளம் வீரர் விலாடே திவாச் பந்தைத் தவறாகத் தட்டிப் பறிகொடுக்க, வால்டர்ஸ் மூன்றாவதைப் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 91-90 என்று சோவியத் வென்றது. நெட்டை வீரர்களெல்லாம் வெளியிலிருந்து எறியத் தயங்கிய காலம் அது. அப்படியொரு காலத்தில் இந்த மீட்சியைத் தொடங்கி வைத்தது ஒரு சென்டரின் மூன்று புள்ளி ஷாட் என்பதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

அந்த ஆண்டே, அமெரிக்காவின் என்பிஏ லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், போர்ட்லேண்ட் டிரெய்ல் பிளேசர்ஸ் அணி இவரை 24ஆவதாக எடுத்தது. (முந்தைய ஆண்டு அட்லாண்டா எடுத்தது, 21 வயது ஆகவில்லை என்று செல்லாமல் போனது.) ஆனால் சோவியத் அரசு விடவில்லை. 23 வயது முடிவதற்குள் குதிகால் தசைநாண் அறுந்தது. 1988இல் சிகிச்சைக்காக மட்டும் போர்ட்லேண்ட் போக அனுமதி கிடைத்தது. அமெரிக்க மருத்துவர்கள் கவனித்துத் தேற்றிய அதே கால்களோடு சியோல் ஒலிம்பிக் அரையிறுதியில் இறங்கி, புகழ்பெற்ற சென்டர் டேவிட் ராபின்சன் இருந்த அமெரிக்க அணிக்கு எதிராக 13 புள்ளி, 13 ரீபவுண்ட். 82-76 என்று சோவியத் வென்றது, பிறகு தங்கமும் வாங்கியது. அந்த அணியில் நான்கு முக்கிய வீரர்கள் லித்துவேனியர்கள்.

அப்புறம் ஸ்பெயின். மூன்று ஆண்டு வயாடோலிட், மூன்று ஆண்டு ரியல் மாட்ரிட், 1995இல் ஐரோப்பியக் கோப்பை. இடையில் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், சுதந்திர லித்துவேனியாவின் சட்டையில், முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணியை 82-78 என்று வென்று வெண்கலம். சியோல் தங்கத்தைவிட இந்த வெண்கலத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

என்பிஏவில் அவர் முதல் ஆட்டம் ஆடும்போது 31 வயதை நெருங்கிவிட்டார். கால்களின் எக்ஸ்ரேயைப் பார்த்த போர்ட்லேண்ட் அணி மருத்துவர், இதை வைத்தே மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் இடம் வாங்கிவிடலாம் என்றாராம். அந்தக் கால்களோடு முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சுமார் 24 நிமிடங்களில் 14.5 புள்ளி, 8.1 ரீபவுண்ட். ஓட முடியாது, குதிக்க முடியாது. ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, சக வீரன் எங்கே வெட்டி ஓடுவான் என்று முன்கூட்டியே தெரிந்து பாஸ் கொடுப்பார். மொத்த என்பிஏ சராசரி 12 புள்ளி, 7.3 ரீபவுண்ட். அதை மட்டும் பார்த்துவிட்டு "சுமாரான ஆட்டக்காரர்" என்று எழுதுபவர்களோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். அவர்கள் பார்ப்பது பாதி சபோனிஸைத்தான்.

கடைசியில் ஊருக்கே திரும்பினார். 2003-04 சீசனில், 39 வயதில், ஜால்கிரிஸுக்காக ஆடி, ஐரோப்பியக் கிளப்களின் முதன்மைப் போட்டியான யூரோலீகின் வழக்கமான சுற்றின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2011இல் கூடைப்பந்தின் புகழ் மண்டபமான நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். போர்ட்லேண்டில் பிறந்த மகன் டொமன்டாஸும் இப்போது என்பிஏவில் சென்டர்தான்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் போர்ட்லேண்ட் காலத்து ஆட்டங்களிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் அந்த மாட்ரிட் அரையிறுதியின் கடைசி நிமிடம், அடுத்து சியோல் அரையிறுதி, பிறகு போர்ட்லேண்டுக்கு வாருங்கள். அப்போது பந்தை விட்டுவிட்டு அவர் கண்களை மட்டும் கவனியுங்கள், பாஸ் போகும் பக்கம் அவர் பார்க்கவே மாட்டார்.