அடுக்குகளை ஒரே படத்தில் கொட்டாதீர்கள்

வணக்கம். வயர்கார்டு (மறையாக்கம் செய்யும் விபிஎன்) சுரங்கத்தின் மேல் விஎக்ஸ்லேன் (ஒரு வலையமைப்பின் மேல் இன்னொரு மெய்நிகர் வலையமைப்பை ஓட்டும் முறை) ஓடும் வலையமைப்பை, வரைபடம் வரையும் மென்பொருளான கிராஃப்விஸில் வரைந்தால் கோடுகள் நூல்கண்டாகச் சிக்குகின்றன என்கிறீர்கள். பாவம், மென்பொருள்மேல் குற்றமில்லை. ஒவ்வொரு அடுக்கையும் தனி வரைபடமாக வையுங்கள். மேலடுக்கின் ஒரு கோடு, கீழடுக்கில் ஒரு முழுப் பாதை. அந்தத் தொடர்பைத் தனி அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள்.

கோடுகளில் எம்டியு எண்ணையும் (ஒரே பொட்டலத்தில் போகக்கூடிய அதிகபட்ச பைட் அளவு) குறியுங்கள்: அடியில் உள்ள சாதாரண வலையமைப்பில் 1500, வயர்கார்டில் வழக்கமாக 1420, அதன்மேல் ஐபிவி4 வழியே விஎக்ஸ்லேன் சேர்க்கும் தலைப்புகளுக்கு 50 பைட் போக 1370. இதைக் குறிக்காமல் விட்டு ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறேன்: சிறிய சோதனைப் பொட்டலமான பிங் போனது, பெரிய கோப்பு மட்டும் நகரவில்லை.

பிறகு அட்டவணையைக் கீழ்நோக்கித் தொடருங்கள். சுரங்கத்தின் மறுமுனைக்கான வழி அதே சுரங்கத்துக்குள் புகுந்தால் சுழல் தெரியும். சுரங்கம் அடிக்கடி விழுந்து எழுவதாகச் சொன்னீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம்.